விண்கலத்துக்குள் ஓர் அலைவரிசை

2021 ஏப்ரல் 19ஆம் தேதி செவ்வாய்க் கோளில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம் எழும்பியது. 39 வினாடி பறந்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது. அதன் பெயர் இன்ஜெனுவிட்டி. எடை 1.8 கிலோ, நாம் சந்தையில் வாங்கும் ஒரு கோழியின் எடை. பூமியைத் தவிர வேறொரு கோளில் ஓர் எந்திரம் தன் விசையால், கட்டுப்பாட்டோடு பறந்தது அதுதான் முதல் முறை.

இந்தச் செய்தியை நாம் எல்லோரும் படித்தோம், வானொலியிலும் சொன்னோம். அதே நாளில் வந்த இன்னொரு தகவல் பலர் கண்ணில் படவில்லை. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் 'கிட்ஹப்' தளம் ஒரு கணக்குச் சொன்னது. அந்த ஹெலிகாப்டரின் மென்பொருளில் ஏறத்தாழ 12,000 பேருடைய உழைப்பு கலந்திருக்கிறதாம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் எழுத்து செவ்வாய்க்குப் போயிருப்பதே அதுவரை தெரியாது. வேறு எதற்காகவோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தவர்கள் அவர்கள்.

ஒருவரையொருவர் பார்த்தே இராத 12,000 பேர் எழுதியது எப்படி ஒரே எந்திரத்துக்குள் சண்டை போடாமல் வேலை செய்தது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். தலைப்பைக் கேட்டதும் 'இது பொறியாளர்கள் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அலுவலகத்தில் வேறொரு பிரிவோடு சேர்ந்து ஒரு வேலையை முடித்துக் கொடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பெட்டிகளின் கூட்டுக்குடும்பம்

ஒரு விண்கலத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே நிறையப் பெட்டிகள் இருக்கும். ஒன்று நட்சத்திரங்களைப் படம்பிடித்து, கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும். ஒன்று சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தைப் பங்கிடும். ஒன்று பூமியோடு பேசும். ஒன்று எரிபொருள் குழாய்களைத் திறந்து மூடும். எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள ஒரு கணினியோ, சில கணினிகளோ இருக்கும். இந்த மின்னணுக் கூட்டத்துக்கு மொத்தமாக 'ஏவியானிக்ஸ்' என்று பெயர்.

இந்தப் பெட்டிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை அல்ல. ஒன்று ஜெர்மனியில் செய்ததாக இருக்கும், ஒன்று அமெரிக்காவில். ஒன்றைப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்திருப்பார்கள். கம்பி வழியே இவற்றை இணைப்பதற்குப் பொது விதிகள் எப்போதோ வந்துவிட்டன. போர் விமானங்களுக்காக 1970களில் உருவான, 1553 என்ற எண்ணால் அழைக்கப்படும் ஓர் இணைப்புமுறை இன்றும் விண்கலங்களில் ஓடுகிறது. 

கம்பியை இணைப்பது ஒரு வேலை. அந்தக் கம்பியில் யார், எப்போது, என்ன பேசுவது என்பது வேறு வேலை. அதைத் தீர்மானிப்பது மென்பொருள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு விண்கலத்துக்கும் அந்த மென்பொருளைப் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார்கள். பழைய கலத்தின் நிரலைப் பிரதி எடுத்து, அங்கங்கே வெட்டி, ஒட்டி, மாற்றிக்கொள்வதும் உண்டு. நட்சத்திரம் பார்க்கும் பெட்டியின் நிரலுக்குள்ளேயே மின்சாரப் பெட்டியின் விவரங்கள் பின்னிக் கிடக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஆடும். அடுத்த கலத்துக்கு வேறு கணினி வாங்கினால், பாதி வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நாசாவின் கோடார்டு விண்வெளிப் பறப்பு நிலையம் இருக்கிறது. அங்குள்ள மென்பொருள் குழுவினர் தங்கள் பழைய கலங்களின் நிரல்களை வரிசையாக வைத்துப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு கலத்திலும் திரும்பத் திரும்ப வருவது எது? அந்தக் கலத்துக்கு மட்டுமே உரியது எது? திரும்பத் திரும்ப வருவதைத் தனியாகப் பிரித்து, ஒருமுறை ஒழுங்காக எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். அதுதான் 'கோர் ஃப்ளைட் சிஸ்டம்', சுருக்கமாக சி.எஃப்.எஸ். இப்படிப்பட்ட பொது அடித்தளத்தைத்தான் மென்பொருள் துறையில் 'ஃபிரேம்வொர்க்' என்கிறார்கள். தமிழில் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம்.

இதன் மையப்பகுதி நிலவைச் சுற்றிப் படமெடுக்க 2009இல் புறப்பட்ட எல்.ஆர்.ஓ கலத்தில் பறந்தது. நிலவின் மெல்லிய வளிமண்டலத்தை ஆராய 2013இல் சென்ற லேடி கலத்திலும், மழையை அளக்க 2014இல் ஜப்பானிலிருந்து ஏவப்பட்ட ஜி.பி.எம் துணைக்கோளத்திலும் இந்தச் சட்டகம் இருந்தது. வேலை வெவ்வேறு, கலங்கள் வெவ்வேறு. அடித்தளம் ஒன்று.

ஒலிவாங்கியும் நேயரும்

சி.எஃப்.எஸ்ஸை மூன்று தளமுள்ள கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். எந்தக் கணினி, எந்த இயங்குதளம் என்ற வேறுபாட்டை அவர் மறைத்துவிடுவார். மேலே இருப்பவர்களுக்கு எல்லாக் கணினியும் ஒன்று போலவே தெரியும். இதனால்தான் விண்கலத்தில் ஓட வேண்டிய அதே நிரலை, மேசையில் இருக்கும் லினக்ஸ் மடிக்கணினியிலும் ஓட்டிப் பார்க்க முடிகிறது.

நடுத்தளத்தில் ஐந்து பொதுச் சேவைகள். செயலிகளைத் தொடங்குவது, நிறுத்துவது ஒன்று. நேரம் காட்டுவது ஒன்று. நடந்ததைக் குறித்து அறிவிப்பது ஒன்று. அமைப்பு எண்களை அட்டவணையாக வைத்து, நிரலைத் தொடாமலே மாற்ற உதவுவது ஒன்று. ஐந்தாவது, செய்திகளைக் கொண்டு சேர்ப்பது. அதன் பெயர் 'சாஃப்ட்வேர் பஸ்'. மேல்தளத்தில் அந்தந்தக் கலத்துக்கு வேண்டிய செயலிகள் குடியிருக்கின்றன.

அந்த ஐந்தாவது சேவையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நான் தினமும் செய்யும் வேலை!

ஒலிபரப்புக் கூடத்தில் நான் ஒலிவாங்கியைத் திறந்து பேசுகிறேன். யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கிள்ளானில் தோசை வார்க்கும் ஓர் அம்மா கேட்கலாம், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவர் கேட்கலாம். ஒருவருமே கேட்காமலும் போகலாம். நான் ஒவ்வொருவர் வீட்டு எண்ணையும் வைத்துக்கொண்டு அழைப்பதில்லை. குறிப்பிட்ட அலைவரிசையில் பேசுகிறேன். வேண்டியவர் அந்த அலைவரிசைக்கு வருகிறார்.

சாஃப்ட்வேர் பஸ்ஸும் இதேதான். மின்கல வெப்பநிலையை அளக்கும் செயலி, ஒரு செய்தி எண்ணைப் போட்டு '21 டிகிரி' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். யாருக்கு அது வேண்டும் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எல்லை மீறுகிறதா என்று கண்காணிக்கும் செயலி அந்த எண்ணுக்குச் சந்தா கட்டியிருக்கும். தரவைச் சேமிக்கும் செயலியும் கட்டியிருக்கும். பூமிக்கு அனுப்பும் செயலியும் கட்டியிருக்கும். நாளைக்குப் புதிதாக ஒரு செயலி வந்தால், அதுவும் சந்தா கட்டினால் போதும். வெப்பநிலைச் செயலியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

கலத்தில் இரண்டு, மூன்று கணினிகள் இருந்தால் என்ன செய்வது? வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு விடை தெரியும். கோலாலம்பூரில் ஓர் எண்ணில் கேட்ட வானொலியை, ஈப்போ நெருங்கியதும் வேறொரு எண்ணுக்கு மாற்றிக் கேட்கிறோம். நிகழ்ச்சி அதேதான். இடையில் உள்ள கோபுரங்கள் அதை அஞ்சல் செய்கின்றன. சி.எஃப்.எஸ்ஸிலும் அப்படி ஓர் அஞ்சல் செயலி உண்டு. ஒரு கணினியின் பஸ்ஸில் வரும் செய்தியை வலைத்தொடர்பு வழியே அடுத்த கணினியின் பஸ்ஸில் சேர்த்துவிடும். கேட்கும் செயலிக்கு, செய்தி பக்கத்து அறையிலிருந்து வந்ததா, பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்ததா என்ற கவலை இல்லை.

இதில் ஒரு வசதிக்குறைவும் உண்டு. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் செய்திகள் வந்து நிற்க ஒரு குழாய் இருக்கும். அதற்கு ஓர் அளவு உண்டு. கேட்பவர் வேறு வேலையில் மூழ்கி, குழாய் நிரம்பிவிட்டால், அடுத்து வரும் செய்தி கைவிடப்படும். 'நிரம்பிவிட்டது' என்று அமைப்பு ஓர் அறிவிப்பு மட்டும் கொடுக்கும். வானொலியும் அப்படித்தானே? நேயர் சமையலறைக்குப் போய்விட்டால் நான் மீண்டும் சொல்லப்போவதில்லை. ஆகவே யாருக்கு எவ்வளவு பெரிய குழாய் வேண்டும் என்று பொறியாளர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட உறை

அலைவரிசை ஒன்றானால் போதுமா? செய்தியின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவே 1982இல் விண்வெளி அமைப்புகள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தன. விண்வெளித் தரவு முறைகளுக்கான ஆலோசனைக் குழு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், ஐரோப்பா என எல்லோரும் அதில் உறுப்பினர்கள். அரசியலில் எதிரெதிரே நிற்பவர்கள்கூட, ஒரு தரவுப் பொட்டலத்தின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் உடன்பட்டிருக்கிறார்கள்.

அந்த முகப்பு வெறும் 6 பைட். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து எழுதும் இடம். அதற்குள் இது கட்டளையா, தகவலா என்ற குறிப்பு இருக்கும். எந்தச் செயலிக்குரியது என்ற எண், எத்தனையாவது பொட்டலம் என்ற வரிசை எண், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற நீளம் எல்லாம் அடங்கிவிடும். வரிசை எண் இருப்பதால், 41க்குப் பிறகு 43 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்துவிட்டது என்று கண்டுபிடிக்கலாம். சி.எஃப்.எஸ்ஸின் செய்திகளும் இந்த முகப்போடுதான் பயணிக்கின்றன.

செவ்வாய் ஹெலிகாப்டரில் ஓடியது வேறொரு சட்டகம். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜே.பி.எல் ஆய்வகத்தில் உருவான 'எஃப் பிரைம்'. அங்கே ஒவ்வொரு சிறு பகுதிக்கும் வாசல்கள் உண்டு, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வடிவம் உண்டு. நம் வீட்டு மூன்று முனைச் செருகியை இரண்டு துளைப் பலகையில் பொருத்த முடியாது அல்லவா? அதுபோல, வடிவம் பொருந்தாத இரண்டு வாசல்களை இணைக்கப் பார்த்தால், கலம் தரையில் இருக்கும்போதே அது தெரிந்துவிடும். கைப்பேசிகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு சில்லில், லினக்ஸ் மேல் இந்த எஃப் பிரைம் ஓடியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட ஹெலிகாப்டர், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

இதுவரை கேட்டதை வைத்துப் பார்த்தால், 'ஆகா, எல்லாம் சுபம். பொதுச் சட்டகம் கிடைத்துவிட்டது, இனி எடுத்து ஒட்ட வேண்டியதுதான்' என்று தோன்றும். சைபர்ஜெயாவில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "அக்கா, எங்க வேலையிலயும் பாதி நாள் புதுசா எழுதுறதே இல்ல. இருக்கிறத எடுத்து ஒட்டுறதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வர்றதும் அந்த ஒட்டுன இடத்தாலதான்" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு விண்வெளி வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

37 வினாடி

1996 ஜூன் 4ஆம் தேதி. தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம் புதிய ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்புகிறது. உள்ளே பூமியின் காந்தப்புலத்தை ஆராய 'கிளஸ்டர்' என்ற நான்கு துணைக்கோளங்கள். இயந்திரம் மூண்டு சுமார் 37 வினாடிகளில் ராக்கெட் திடீரெனத் திசை மாறியது, உடையத் தொடங்கியது, தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொண்டது. அப்போது அது ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் இருந்தது.

காரணம், ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் பெட்டி. அந்தப் பெட்டியின் மென்பொருள் ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து வந்தது. ஏரியான் 4இல் அது பலமுறை பறந்து, பேர் வாங்கிய மென்பொருள். நம்பகமானது என்பதால்தான் எடுத்துப் போட்டார்கள்.

அதில் ஒரு கணக்கு உண்டு. பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை, 32,767க்கு மேல் கொள்ளாத ஒரு சிறிய இடத்துக்குள் போட வேண்டும். ஏரியான் 4இன் வேகத்தில் அந்த எண் ஒருபோதும் அந்த எல்லையைத் தொடாது. ஆகவே 'தாண்டினால் என்ன செய்வது' என்ற பாதுகாப்பை அந்த இடத்தில் வைக்கவில்லை. ஏரியான் 5 வேறு பிள்ளை. அதன் பக்கவாட்டு வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. எண் எல்லையைத் தாண்டியது. பெட்டி நின்றுவிட்டது.

மாற்றுப் பெட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அதற்குள்ளும் அதே மென்பொருள். அதே கணக்கு, அதே எண், அதே முடிவு. முதன்மைப் பெட்டி நிற்பதற்கு ஒரு கணம் முன்பே மாற்றுப் பெட்டி நின்றுபோயிருந்தது.

அடுத்து நடந்ததுதான் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. நின்றுபோன பெட்டி, 'எனக்குக் கோளாறு' என்று சொல்லும் ஒரு குறிப்பைக் கம்பியில் அனுப்பியது. தலைமைக் கணினி அந்தக் குறிப்பை, ராக்கெட்டின் திசை பற்றிய உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டது. ராக்கெட் பெரிதாகத் திரும்பிவிட்டது போலிருக்கிறதே என்று நினைத்து, அதைச் சரிசெய்யக் குழல்களை முழு வீச்சில் வளைத்தது. சரியாகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட்டை அந்தத் திருத்தம்தான் கவிழ்த்தது. கம்பி நன்றாக இருந்தது, செய்தியும் போய்ச் சேர்ந்தது. பேசியவர் சொன்னது ஒன்று, கேட்டவர் புரிந்துகொண்டது வேறொன்று.

இன்னும் ஒரு செய்தி மனத்தைச் சங்கடப்படுத்தும். எல்லை தாண்டிய அந்தக் கணக்கு, ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5க்குத் தேவையே இல்லை. ஏரியான் 4இல் ஏவுதல் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டால் விரைவாக மீண்டும் தொடங்க உதவும் என்று சிறிது நேரம் ஓடவிட்டிருந்தார்கள். அந்தப் பழக்கமும் சேர்ந்தே குடிவந்துவிட்டது. விசாரணைக் குழு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. ஏரியான் 5 போகவிருந்த உண்மையான பாதையை வைத்து அந்தப் பெட்டியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கலம் செவ்வாயை நெருங்கியதும் தொலைந்துபோனது. பூமியில் இருந்த ஒரு மென்பொருள், சிறு உந்துதல்களின் அளவைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது. பெற்றுக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. எண் சரி, உறை சரி, வடிவமும் சரி. அளவை மட்டும் வேறு.

ஆகவே பொதுச் சட்டகம் எப்படிப் பேசுவது என்பதை ஒழுங்குபடுத்துகிறது. பேசுவதன் பொருளை அது தானாகக் காப்பாற்றாது. எந்த அளவையில், எந்த எல்லைக்குள், எந்த நிபந்தனையில் இந்த எண் சரி என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். எடுத்துக்கொள்பவர் அதைப் படிக்க வேண்டும்.

இதை உணர்ந்துதான் அதே தரவுக் குழு 2019இல் இன்னொரு பொது விதியை வெளியிட்டது. ஒவ்வொரு பெட்டியோடும் கணினி படிக்கக்கூடிய ஒரு தரவுத்தாள் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தப் பெட்டி என்ன சொல்லும், என்ன அளவையில் சொல்லும், எந்த எல்லைக்குள் சொல்லும் என்று அந்தத் தாளில் இருக்கும். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பதை இப்போது கணினியிடமும் சொல்கிறார்கள்.

நேரம் தவறினால்

எல்லாம் எழுதிவைத்த பிறகும் ஏதாவது ஒன்று தவறும். அப்போது என்ன ஆகும் என்பதற்கும் நம் குட்டி ஹெலிகாப்டரே உதாரணம்.

2021 மே 22ஆம் தேதி அதன் ஆறாவது பறப்பு. மேலே எழுந்து சுமார் 54 வினாடி ஆனபோது, தரையைப் படமெடுக்கும் கேமராவிலிருந்து வந்த படங்களில் ஒன்றே ஒன்று தொலைந்துபோனது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் தவறான நேர முத்திரை விழுந்தது. பழைய நேரத்துக்குரிய படம் என்று தெரியாமல் வழிகாட்டும் நிரல் கணக்குப் போட்டது. ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கியது.

எங்கள் வேலையில் நேரம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். மணியடிக்கும்போது செய்தி தொடங்க வேண்டும். நெரிசல் தகவல் அரைமணி நேரம் பழையதாகிவிட்டால் அது தகவல் அல்ல, தொந்தரவு. அங்கே ஒரு வினாடியின் சிறு பங்கு பிசகியதற்கே அந்த ஆட்டம்.

ஆனால் அது விழவில்லை. இறங்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது. அதை வடிவமைத்தவர்கள் இரண்டு காரியம் செய்து வைத்திருந்தார்கள். கொஞ்சம் தவறு நேர்ந்தாலும் தாங்கும்படி நிதானத்துக்குக் கூடுதல் இடம் விட்டிருந்தார்கள். இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராப் படங்களை நம்பவே வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஏரியான் 5இன் கணினி வந்த எண்ணை அப்படியே நம்பியது. இங்கே, எதை எப்போது நம்பக்கூடாது என்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாக இருந்தது.

நம் பக்கத்துக் கதை

இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். நம் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவின் தியோங்சாட் 1 துணைக்கோளம் 2000ஆம் ஆண்டில் பறந்தது. ரசாக்சாட் 2009இல் பறந்தது. சிங்கப்பூரின் ஆறு துணைக்கோளங்களை, 2015 டிசம்பர் 16ஆம் தேதி சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் ஒரே ராக்கெட் கொண்டுபோனது. அவற்றில் சில பல்கலைக்கழகங்களில் உருவானவை.

எனக்கு மிகவும் பிடித்தது 2018 ஆகஸ்டில் நடந்தது. அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து மூன்று சின்னப் பெட்டிகள் விண்ணில் விடப்பட்டன. ஒன்று பூட்டானுடையது, ஒன்று பிலிப்பீன்சுடையது, ஒன்று நம் யு.ஐ.டி.எம் பல்கலைக்கழகத்தின் யு.ஐ.டி.எம்.சாட் 1. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தில் இந்த நாடுகளின் மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே வடிவமைப்பில் மூன்றையும் செய்தார்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம். அந்தப் பத்து சென்டிமீட்டரும் ஒரு பொது ஒப்பந்தம்தான். 1999இல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள், மாணவர்களும் துணைக்கோளம் செய்ய முடிய வேண்டும் என்பதற்காக வகுத்த 'கியூப்சாட்' அளவு அது. அளவு ஒன்றானதால், அதை ஏற்றிச் செல்லும் பெட்டியும் ஒன்றானது. செலவு இறங்கியது. பூட்டானின் முதல் துணைக்கோளம் விண்ணுக்குப் போனது.

பெட்டியின் அளவுக்கு நடந்தது மென்பொருளுக்கும் நடக்கிறது. சி.எஃப்.எஸ், எஃப் பிரைம் இரண்டும் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளக்கூடியவை. உங்கள் வீட்டில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வார இறுதியிலேயே லினக்ஸ் உள்ள ஒரு மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். 'நாசாவுக்குப் போனால்தானே' என்று காத்திருக்க வேண்டாம். ஒரு சிறு செயலி எழுதி, அது ஒரு செய்தியை பஸ்ஸில் போட, இன்னொரு செயலி அதைக் கேட்பதைப் பார்த்தாலே போதும். விண்கலம் உள்ளே எப்படிப் பேசிக்கொள்கிறது என்று பாதி புரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விண்வெளித் துறை என்றதும் நமக்கு ராக்கெட்டும் விண்வெளி வீரரும்தான் கண்ணில் வருகிறார்கள். பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிப்பவரும், 'இந்த எண் எந்த அளவையில்?' என்று அசராமல் கேட்பவரும், விளக்கக் குறிப்பை ஒழுங்காக எழுதுபவரும், பறக்கப்போகும் உண்மையான பாதையை வைத்துச் சோதித்துப் பார்ப்பவரும் அங்கே அதே அளவு தேவை. ஏரியான் 5இல் விடுபட்டது இந்த வேலைதான். மின்னல் வேகத்தில் நிரல் எழுதுவதைவிட இந்தக் குணங்களைப் பழகுவது கடினம்.

வேலையில் இருக்கும் இளையோருக்குச் சொல்ல அதிகம் இல்லை. நாளை காலை உங்கள் மேசைக்கு யாரோ எழுதிய கோப்பு ஒன்று வரும். ஓர் அட்டவணையாகவோ, ஒரு நிரலாகவோ, முந்தைய ஊழியர் விட்டுப்போன நடைமுறையாகவோ இருக்கலாம். "பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஏரியான் 4இலும் அது நன்றாகத்தான் ஓடியது. எடுத்துப் பயன்படுத்துங்கள், அதில் தவறே இல்லை. பயன்படுத்தும் முன், அது எந்த வேகத்துக்காக எழுதப்பட்டது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் இதே பக்கத்தில் பேசுவோம்.